வாட்ஸ்அப் கணக்கும் வைரஸ் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் மாதம், மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாமெல்லாம் வீட்டுக்குள் முடங்கியிருந்த நாட்களில், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். 1720-இல் பிளேக், 1820-இல் காலரா, 1920-இல் ஸ்பானிஷ் ஃபுளூ, 2020-இல் கொரோனா. ஆக, நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் இப்படி வரும் என்றது அந்தச் செய்தி. நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால், இன்றைக்கும் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ அடுத்தது 2120-இல்தானே அண்ணே, நமக்கென்ன?" என்று நிம்மதியாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நிம்மதியைக் கெடுப்பதற்காகத்தான் இந்த வானொலி என்னை அழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடலாம். பிளேக்கும் காலராவும் வைரஸால் வருபவையே அல்ல, இரண்டும் பாக்டீரியா நோய்கள். காலராவின் முதல் உலகப் பரவல் 1817-லேயே வங்காளத்தில் கிளம்பிவிட்டது. ஸ்பானிஷ் ஃபுளூ 1918-இல் வந்தது. கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக யாரோ தேதிகளைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். விட்டுப்போனவைதான் இன்னும் முக்கியம். 1957-இல் ஆசிய ஃபுளூ, 1968-இல் ஹாங்காங் ஃபுளூ, 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொன்ன எச்1என்1. இவற்றோடு எச்.ஐ.வி.யும் உண்டு. 1950-இல் பினாங்கில் பிறந்த ஒருவர், கோவிட்டையும் சேர்த்தால், தன் ஒரே ஆயுளில் ஐந்து பெருந்தொற்றுகளைப் பார்த்துவிட்டார். அதில் இரண்டு அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்துபோனவை.

இடைவெளிகளையும் பாருங்கள். 1918-க்கும் 1957-க்கும் நடுவே 39 ஆண்டுகள். அப்புறம் 11 ஆண்டுகள். அப்புறம் 41 ஆண்டுகள். அப்புறம் ஏறக்குறைய 10 ஆண்டுகளில் கோவிட். இதில் எந்த ஒழுங்கும் இல்லை.

சரி, வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? இதற்கு நேரான பதில் உண்டு. நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நொடியிலும் நடக்கிறது. ஃபுளூ வைரஸின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 13,500 எழுத்துகள் கொண்டது. அது நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப் படியெடுக்கும்போது, எடுத்த படியைச் சரிபார்க்கும் வசதி அதற்குக் கிடையாது. அதனால் சராசரியாக ஒரு படிக்கு ஒரு பிழை என்ற அளவில் பிழை விழுகிறது. இந்தப் பிழையைத்தான் மரபணுப் பிறழ்வு என்கிறோம். காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவரின் மூக்கிலும் தொண்டையிலும் கோடிக்கணக்கான வைரஸ்கள் உற்பத்தியாகின்றன. அப்படியானால் ஓர் ஆளின் உடலில், ஒரே வாரத்தில், எத்தனை பிறழ்வுகள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவற்றில் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடாக முடிகின்றன. எழுத்து மாறிப்போன வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாமலோ பெருக முடியாமலோ அழிந்துபோகும். சில பிறழ்வுகளால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மிக அரிதாகவே ஒன்று வைரஸுக்கு உதவுகிறது. கொரோனா வைரஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு ரகம். அதன் மரபணு நீளமானது, ஏறத்தாழ 30,000 எழுத்துகள். அவ்வளவு நீளத்தைப் பிழையோடு படியெடுத்தால் தாங்காது என்பதாலோ என்னவோ, அதற்குப் பிழைதிருத்தும் ஒரு நொதி இருக்கிறது. அதனால் ஒரு பரவல் சங்கிலியில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு பிறழ்வுகள்தான் நிலைத்தன. அப்படிப்பட்ட வைரஸிலிருந்துதான் 2021 நவம்பரில் ஓமிக்ரான் வந்தது. அதன் மேற்புற முள் புரதத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் ஒன்றாக வந்து நின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய யாரோ ஒருவரின் உடலில் வைரஸ் மாதக்கணக்கில் தங்கி, நாம் பார்க்காத இடத்தில் மாறியிருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆகவே மாதத்துக்கு இரண்டு என்ற சராசரியை வைத்துக்கொண்டும் ஜோசியம் சொல்ல முடியாது.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓமிக்ரான் புதிய பெருந்தொற்று அல்ல, இருந்த பெருந்தொற்றின் புதிய அலை. வருடா வருடம் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்வதும் இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களால்தான். உலகச் சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒரு முறையும் செப்டம்பரில் ஒரு முறையும் கூடி, அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பிறழ்வு நமக்கு எப்போதும் கொடுத்துக்கொண்டிருக்கும் தொல்லை இதுதான். உடம்பு வலி, இரண்டு நாள் விடுப்பு, முதியவர்களுக்குச் சில நேரம் ஆபத்து. ஆனால் உலகையே படுக்கப் போடும் புது வைரஸ் பெரும்பாலும் இந்த வழியில் வருவதில்லை.

அது வரும் வழி வேறு. ஃபுளூ வைரஸின் மரபணு ஒரே நூலாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வெவ்வேறு ஃபுளூ வைரஸ்கள் ஒரே நேரத்தில் புகுந்துவிட்டால், வெளியே வரும் குட்டி வைரஸ் இதிலிருந்து சில துண்டுகளையும் அதிலிருந்து சில துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வரலாம். எட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்புகள் என்றால் மொத்தம் 256 விதமான சேர்க்கைகள். பிறழ்வு எழுத்தை மாற்றும். இது பக்கம் பக்கமாகவே மாற்றிவிடும்.

1957-இல் நடந்தது அதுதான். மனிதர்களிடம் அதுவரை இருந்த எச்1என்1 வைரஸ், ஒரு பறவை வைரஸிடமிருந்து மூன்று துண்டுகளை வாங்கிக்கொண்டு எச்2என்2 ஆக மாறியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீனாவில் தலைகாட்டி, ஹாங்காங் வழியாக மே மாதத்தில் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து மலாயாவுக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி மெர்டேக்கா, நாம் சுதந்திரம் பெற்ற நாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் நம் நாட்டுக்காரர்கள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார்கள். சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், எழுதுகிறோம். இந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் காணோம். உலகம் முழுவதும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிற நோய் அது.

நம் ஞாபகத்தைப் பற்றி வந்துவிட்டதால் 1918-ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபுளூ மலாயாவை அதிகம் தாக்கியது அக்டோபர் வாக்கில். ரப்பர் தோட்டங்களின் லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் நிறையப் பேர் மாண்டார்கள். நம்மில் பல குடும்பங்களின் மரத்தில் ஒரு கிளை அங்கே ஒடிந்திருக்கும், பெயர்கூடத் தெரியாது.

1968-இல் மறுபடியும் அதே கதை. இந்த முறை பறவையிடமிருந்து இரண்டு துண்டுகள்தான். அப்படி வந்த எச்3என்2 இன்னும் நம்மிடையே பருவக் காய்ச்சலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009-இல் வந்ததில் பறவை, பன்றி, மனிதன் என்று பல வம்சங்களின் துண்டுகள் பன்றிகளுக்குள் கலந்திருந்தன. மரபணுவைப் பின்னோக்கி ஆராய்ந்தவர்கள் அதன் பிறப்பிடம் மெக்சிகோவின் பன்றிகள் என்கிறார்கள். ஆசியாவிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்த உலகத்துக்கு அது வேறு வாசல் வழியாக வந்தது. இன்னொரு வேடிக்கை, அந்த ஆண்டு வயதானவர்கள் ஓரளவுக்குத் தப்பித்தார்கள். 1957-க்கு முன்னால் பிறந்தவர்களின் உடம்பு சிறு வயதில் பழைய எச்1என்1-ஐப் பார்த்திருந்தது, அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

1977-இல் வந்த ஒரு ஃபுளூவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பிறழ்வே இல்லாததால் மாட்டிக்கொண்ட வைரஸ். இருபது ஆண்டுகளாக மனிதர்களிடம் காணாமல் போயிருந்த எச்1என்1, சீனாவிலும் சோவியத் நாட்டிலும் திடீரென்று திரும்ப வந்தது. அதன் மரபணுவைப் பார்த்தால் 1950 வாக்கில் இருந்த வைரஸைப் போலவே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இயற்கையில் எங்கேயோ பரவிக்கொண்டிருந்தால் அவ்வளவு பிறழ்வுகள் சேர்ந்திருக்க வேண்டுமே? சேரவில்லை. எங்கோ ஓர் உறைபெட்டியில் இருந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்திலிருந்தோ தடுப்பூசிச் சோதனையிலிருந்தோ வெளியே வந்திருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. ஆய்வுக்கூடத்துக்காரனாக எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். நிப்பா.

1998 செப்டம்பர் வாக்கில் பேராக் மாநிலத்தில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. கொசு கடித்து வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கவனித்துப் பார்த்தால் ஒத்துவராத விஷயங்கள் நிறைய இருந்தன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் அதிகம் தாக்குவது குழந்தைகளை. இங்கே படுத்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். சீனப் பண்ணைக்காரர்களும், அங்கே கூலிக்கு வேலை செய்த நம்மவர்கள் சிலரும். தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் குரைப்பது போல இருமி இருமிச் செத்தன. அதற்குள் பேராக்கிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரை போய்விட்டது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. நம் நாட்டில் மட்டும் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கடன் வாங்கிப் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் ஒரே மாதத்தில் வெறுங்கையோடு நின்றன.

அந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவால்களிடமிருந்து. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரம். இரவில் வௌவால் வந்து கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுகிறது, பன்றி தின்கிறது. பிறகு தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, விழுந்த சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள். அதில் நிப்பா வைரஸ் கிடைத்தது. மனிதர்களிடம் கிடைத்ததற்கும் வௌவாலிடம் கிடைத்ததற்கும் மரபணுவில் மிகச் சில எழுத்துகளே வித்தியாசம்.

நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். அந்த 105 பேரைக் கொல்ல வைரஸுக்குப் பெரிய உருமாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. கொட்டகைக்கு மேல் ஒரு பழமரம் போதுமானதாக இருந்தது. அடுத்த பெருந்தொற்று எப்போது என்று கேட்கும்போது நாம் வைரஸின் பிறழ்வு வேகத்தைப் பார்க்கிறோம். அந்த வேகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இதுதான், இன்றும் இதுதான். மாறியிருப்பது, மிருகத்தின் வைரஸும் மனிதனும் எத்தனை தடவை நேருக்கு நேர் வருகிறார்கள் என்பது.

அப்படி வருவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. 2006-இல் மலாக்காவில் ஒரு வீட்டுக்குள் வௌவால் ஒன்று பறந்து வந்து போனது. ஒரு வாரத்தில் குடும்பத் தலைவருக்குக் கடும் காய்ச்சல், இருமல். அவரிடமிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்து மலாக்கா வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அறிகுறி இருந்தது. எல்லோரும் குணமானார்கள், அதோடு நின்றுவிட்டது. 2017, 2018-இல் சரவாக்கில் நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வந்த 301 பேரின் மாதிரிகளைச் சோதித்ததில் 8 பேரிடம் நாய்களின் கொரோனா வைரஸைச் சேர்ந்த ஒன்று இருந்தது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். அதுவும் பெருந்தொற்றாக மாறவில்லை. எச்.ஐ.வி.யை எடுத்துக்கொண்டால், குரங்கினங்களின் வைரஸ் மனிதனுக்குள் பல தடவை தனித்தனியாகத் தாவியிருக்கிறது என்று மரபணு காட்டுகிறது. அத்தனை தாவல்களில் ஒன்றே ஒன்றுதான் உலகத்தைச் சுற்றியது. மற்றவை ஆப்பிரிக்காவின் சில பகுதிகளோடு ஒடுங்கின.

ஆக, தாவல் அடிக்கடி, பெருந்தொற்று எப்போதாவது. தாவிய வைரஸ் மனிதனிடமிருந்து மனிதனுக்குச் சுலபமாகப் போகத் தெரிந்துகொண்டால்தான் ஆபத்து. பிறழ்வு வேலை செய்யும் இடம் அங்கேதான். பறவைக் காய்ச்சல் எச்5என்1-ஐ இத்தனை பேர் ஏன் கவலையோடு பார்க்கிறார்கள் என்றால் இதனால்தான். 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. 2004-இல் கிளந்தானில் கோழிகளிடம் வந்தது. 2006-இல் கோலாலம்பூரை ஒட்டிய கம்போங்குகள் என்னும் கிராமங்களிலும், பேராக்கிலும், பினாங்கிலும் வந்தது. நம் நாட்டில் மனிதர் யாருக்கும் தொற்றவில்லை. உலக அளவில் 2003-இலிருந்து 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பதிவாகி, அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள்.

பாதிப் பேரைக் கொல்லும் வைரஸ் ஏன் பரவவில்லை? பறவை வைரஸ் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு நமக்கு நுரையீரலின் அடியில்தான் அதிகம். மூக்கிலும் தொண்டையிலும் வேறு வகை. அதனால் உள்ளே போனால் கொல்லும், தும்மினால் அடுத்தவருக்குப் போகாது. இந்தப் பூட்டைத் திறக்க எத்தனை பிறழ்வு வேண்டும் என்று நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணியை வைத்துச் சோதித்தார்கள். 2012-இல் வெளியான முடிவுகளின்படி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிறழ்வுகளே போதும், காற்று வழியாகப் பரவத் தொடங்கிவிடுகிறது. இந்தச் சோதனையைச் செய்திருக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டையே நடந்தது. இருந்தும், 1997-இலிருந்து இத்தனை கோழிகள், இத்தனை பிறழ்வுகளுக்குப் பிறகும் அந்தச் சில மாற்றங்கள் ஒன்றாகச் சேரவில்லை. 2024-இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குள் அது புகுந்தபோது என்னைப் போன்றவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் குறைந்தது. மாட்டுக்குப் போகும் என்று முன்பே எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு.

வாய்ப்பைக் கணக்கிட்டிருக்கிறார்களா என்றால், உண்டு. 1600-இலிருந்து வந்த கொள்ளைநோய்களை எல்லாம் எடுத்துப் புள்ளிவிவரக் கணக்குப் போட்ட ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. கோவிட் அளவிலான ஒன்றை ஒருவர் தன் ஆயுளில் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 38 சதவீதம், வரும் சில பத்தாண்டுகளில் அது இரட்டிப்பாகலாம் என்றது. வானொலியில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை, நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். போன ஞாயிற்றுக்கிழமை விழுந்த எண் இந்த வாரம் விழாது என்று எந்த விதியும் கிடையாது. குலுக்குகிறவனுக்குப் போன வாரம் ஞாபகமில்லை. கோவிட் வந்துபோனதால் அடுத்தது தள்ளிப்போய்விட்டது என்று சொல்வதும் அதே தப்புத்தான்.

ஆனால் எத்தனை தடவை குலுக்குகிறார்கள் என்பது நம் கையில் ஓரளவுக்கு இருக்கிறது. நிப்பாவுக்குப் பிறகு பன்றிப் பண்ணைகளை ஒட்டியிருந்த பழமரங்களை அகற்றச் சொன்னார்கள். வானைத் தொடும் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, வெறும் மரம் வெட்டும் வேலை. 1999-க்குப் பிறகு மலேசியாவில் நிப்பா பரவல் இல்லை. வௌவால்களிடம் வைரஸ் இன்றும் இருக்கிறது. பங்களாதேஷில் 2001-இலிருந்து அடிக்கடி வருகிறது. அங்கே இரவில் பேரீச்ச மரத்தில் கட்டிய கலயத்தில் வௌவால் வாய் வைக்கிறது, காலையில் அந்தப் பதநீரை மனிதர்கள் காய்ச்சாமல் குடிக்கிறார்கள். கேரளத்தில் 2018-இல் கோழிக்கோட்டில் வந்தது, அப்புறமும் சில தடவை வந்துவிட்டது.

கோழிப் பண்ணையிலும் பசாரில் உயிர்க்கோழி விற்கும் இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு வருடா வருடம் ஃபுளூ ஊசி போட வேண்டும் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதே. அந்த ஊசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. அவருக்கு மனித ஃபுளூ வராமல் பார்த்துக்கொண்டால், அவர் உடம்பில் இரண்டு வைரஸும் ஒரே நேரத்தில் சந்திக்கும் வாய்ப்பு குறைகிறது. எட்டுத் துண்டுகள் கலக்க ஒரு செல் குறைவு. கோழிகள் கொத்தாகச் செத்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள், கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இழப்பீடு கிடைக்குமா என்ற பயத்தில்தான் பல ஊர்களில் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது அரசாங்கத்தின் வேலை. ஆய்வுக்கூடத்துக்குக் கருவி வாங்குவதைவிட அது முக்கியம் என்பது என் கட்சி.

இவ்வளவு கேட்டுவிட்டு, "அப்போ வௌவாலை எல்லாம் சுட்டுத் தள்ளினால் என்ன சார்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தியோமானில் டுரியான் மரங்களுக்கு இரவில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதில் அங்கே முக்கியமான பங்கு அந்தப் பழந்தின்னி வௌவால்களுக்குத்தான் என்று 2017-இல் சொன்னார்கள். அவற்றை விரட்டினால் அவை வேறு இடம் தேடிப் போகும், இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரும். டுரியானும் குறையும். தோட்டத்தில் வௌவால் கடித்த பழம் கிடந்தால் அதை எடுத்துக் கழுவி, கடித்த இடத்தை வெட்டிவிட்டுத் தின்னும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஆட்டுக்கும் போட வேண்டாம், குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.